வேலி பயிரை மேய்ந்தால்

நுழையும்முன்

நம் உடலுக்குள் ஓயாத காவல் ஒன்று நடைபெறுகிறது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் நாள்தோறும் நம்மைத் தாக்க முனைகின்றன. அவற்றை அடையாளம் கண்டு அழிக்கும் படையும் நம் குருதியிலேயே உலவுகிறது. அப்படை தன் உடலையே பகையெனக் கருதித் தாக்கத் தொடங்கினால் என்னவாகும்? வேலியே பயிரை மேய்ந்தாற்போல் நேரும் அத்தகைய நோய்களுள் ஒன்று லூப்பஸ். அந்நோயை அறியவும் அடக்கவும் அறிவியலாளர் மேற்கொண்ட நெடும்பயணத்தை விளக்குகிறது இப்பாடம்.

காவலின் இயல்பு

உடலைக் காக்கும் அமைப்பைத் தடைக்காப்பு மண்டலம் என்பர். வெள்ளையணுக்கள் இதன் வீரர்கள். அவற்றுள் பி செல்கள் எதிர்ப்பொருள் எனப்படும் புரதங்களை உருவாக்குகின்றன. டி செல்கள் நோயுற்ற செல்களை அழிப்பதோடு மற்ற வீரர்களுக்கு ஆணையிடும் பணியையும் செய்கின்றன.

எந்தப் படைக்கும் முதல் தேவை, தன்னவர் யார், அயலவர் யார் எனப் பிரித்தறியும் திறமே ஆகும். நம் உடலில் இத்திறம் பயிற்சியால் வருகிறது. மார்புக் கூட்டினுள் இதயத்திற்கு மேலே அமைந்த தைமஸ் சுரப்பி, டி செல்களின் பயிற்சிக்கூடம். உடலின் சொந்தப் பொருள்களைத் தாக்கும் இயல்புடைய செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. எனினும் இந்தத் தேர்வு முழுமையானதன்று. சில செல்கள் தப்பி வெளியேறிவிடுகின்றன. நலமான உடலில் அவை வேறுவழிகளில் அடக்கி வைக்கப்படுகின்றன. அந்த அடக்கம் குலையும்போது தோன்றுபவையே சுய தடைக்காப்பு நோய்கள்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் தாக்கப்பட்டால் முதல்வகை நீரிழிவு தோன்றும். மூட்டுகளின் உட்சவ்வு தாக்கப்பட்டால் முடக்குவாதம் தோன்றும். இவ்வாறு ஓர் உறுப்பை மட்டும் முதன்மையாகத் தாக்கும் நோய்கள் பல. லூப்பஸோ தோல், மூட்டு, சிறுநீரகம், நுரையீரலின் உறை, குருதி, மூளை என எவ்வுறுப்பையும் தாக்கவல்லது. அதனாலேயே இந்நோயை அறிவது கடினமாயிற்று. அதனாலேயே இந்நோயை ஆராய்ந்தோர் தடைக்காப்பு மண்டலம் முழுவதையும் ஆராய வேண்டியதாயிற்று.

ஓநாயும் வண்ணத்துப்பூச்சியும்

'லூப்பஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். இடைக்கால ஐரோப்பியர், முகத்தை அரித்துத் தின்னும் புண்களைக் கண்டு, அவை ஓநாய் கடித்தாற்போல் உள்ளன எனக் கருதி இப்பெயரிட்டனர். பல்வேறு தோல் நோய்கள் நெடுங்காலம் இவ்வொரு பெயரின்கீழ் அடங்கியிருந்தன.

வியன்னா நகரின் தோல் மருத்துவர் ஃபெர்டினான்ட் ஃபான் ஹெப்ரா, 1846-இல் இந்நோயின் செந்தடிப்பு மூக்கின் மீதும் இரு கன்னங்களின் மீதும் பரவும் வடிவத்தை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். 1851-இல் பாரிஸ் நகர மருத்துவர் பியேர் காசனாவ், சிவந்த தடிப்புடைய இவ்வகையைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். இந்நோய் தோலோடு நிற்பதன்று, காய்ச்சல், மூட்டுவலி, மெலிவு ஆகியவற்றோடு உடல் முழுவதையும் வருத்துவது என்பதை 1872-இல் மோரிட்ஸ் கபோசி விளக்கினார். கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர், 1895 முதல் எழுதிய கட்டுரைகளில் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவதை எடுத்துக்காட்டினார்.

இவ்வாறு ஐம்பது ஆண்டுகளில் நோயின் தோற்றம் தெளிவாயிற்று. நோயின் காரணமோ இருளிலேயே இருந்தது.

முடியாதென எண்ணப்பட்டது

காரணம் தெரியாமல் போனதற்கு ஒரு கருத்தும் தடையாக நின்றது. ஜெர்மனியின் புகழ்பெற்ற அறிவியலாளர் பால் எர்லிக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடுகளைக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார். ஓர் ஆட்டின் குருதியை மற்றோர் ஆட்டிற்குச் செலுத்தியபோது, அவ்வயல் குருதியைச் சிதைக்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. ஆனால் அவை அந்த ஆட்டின் சொந்தக் குருதியணுக்களைச் சிதைக்கவில்லை. உடல் தன்னைத்தானே நஞ்சாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்று அவர் இதற்கு விளக்கம் தந்தார். அவ்வச்சத்தைச் செயற்படுத்தும் கட்டுப்பாடு ஒன்று உடலில் இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. பின்வந்தோர் பலர், உடல் தன்னைத் தாக்குவது இயலவே இயலாது என்று அதற்குப் பொருள் கொண்டனர்.

1904-ஆம் ஆண்டிலேயே வியன்னாவில் டோனாத், லாண்ட்ஸ்டெய்னர் என்னும் இருவர், குளிர்பட்டவுடன் சிலருடைய குருதியணுக்களை அவர்களது சொந்த எதிர்ப்பொருளே சிதைப்பதைக் கண்டறிந்து எழுதினர். நிலைபெற்ற கருத்தின்முன் அச்சான்று உரிய கவனத்தைப் பெறவில்லை.

அரை நூற்றாண்டு கழிந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்னஸ்ட் விடெப்ஸ்கி என்னும் அறிஞரிடம் நோயல் ரோஸ் என்னும் இளைஞர் பணியாற்றினார். விடெப்ஸ்கி எர்லிக்கின் சிந்தனை மரபில் வந்தவர். ரோஸ், முயலின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த புரதத்தை முயல்களுக்கே செலுத்தினார். அம்முயல்களின் குருதியில் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றின. அவற்றின் தைராய்டு சுரப்பியும் சிதைந்தது. தம் மரபின் நம்பிக்கைக்கு மாறான இம்முடிவை விடெப்ஸ்கி எளிதில் ஏற்கவில்லை. மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்த பின்னரே 1956-இல் இருவரும் அதனை வெளியிட்டனர். அதே ஆண்டில் இலண்டனிலும் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக், பீட்டர் கேம்பெல் ஆகியோர் ஹஷிமோட்டோ என்னும் தைராய்டு நோயுற்றவரின் குருதியில் இத்தகைய எதிர்ப்பொருளைக் கண்டனர். முடியாதென எண்ணப்பட்டது நிகழக்கூடியதே என உறுதியாயிற்று.

தாம் நம்பியதற்கு மாறான சான்று தம் ஆய்வுக்கூடத்திலேயே கிடைக்கும்போது, அதனை மறைக்காமல், ஐயுற்று, சோதித்து, பின் ஏற்றுக்கொள்ளும் நேர்மையே அறிவியலை வளர்க்கிறது.

உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள்

லூப்பஸ் ஆய்வில் திருப்புமுனை 1948-இல் நேர்ந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் எலும்பு மச்சையை நுண்ணோக்கியில் ஆராய்ந்துவந்தார். லூப்பஸ் நோயாளிகளிடம் மட்டும் விந்தையான ஒரு காட்சி தென்பட்டது. வெள்ளையணு ஒன்று, மற்றொரு செல்லின் உட்கருவை விழுங்கிய நிலையில் இருந்தது. கண்ணால் கண்டு உறுதிசெய்யத்தக்க அடையாளம் இந்நோய்க்கு அப்போதுதான் கிடைத்தது.

உட்கரு ஏன் விழுங்கப்படுகிறது? உட்கருவின் மீது எதிர்ப்பொருள் படிவதே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. 1957-இல் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே, லூப்பஸ் நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் டி.என்.ஏ.வையே தாக்குகின்றன எனக் கண்டறிந்தன. உயிர்களின் மரபுச் செய்தி முழுவதையும் தாங்கிய மூலக்கூறையே உடல் பகையாகக் கருதுகிறது என்னும் செய்தி அறிவுலகை வியப்பில் ஆழ்த்தியது.

இதன் விளைவைச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும். நம் உடலில் நாள்தோறும் எண்ணற்ற செல்கள் மடிகின்றன. மடிந்த செல்களின் சிதைவுகளை உடல் விரைந்து அகற்றிவிடுகிறது. லூப்பஸில் இத்தூய்மைப் பணி தளர்கிறது. தேங்கிய உட்கருத் துணுக்குகளோடு எதிர்ப்பொருள்கள் பிணைந்து கூட்டுப்பொருள்களாகின்றன. அவை குருதியோடு சென்று சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிகின்றன. படிந்த இடத்தில் அழற்சி மூள்கிறது. வடிகட்டி பழுதுற்று, உடலில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது, கால்கள் வீங்குகின்றன. உரிய காலத்தில் அறியாவிடின் சிறுநீரகம் செயலிழக்கும்.

> தெரிந்து தெளிவோம்
> உட்கரு எதிர்ப்பொருள் சோதனை லூப்பஸை அறிய உதவும் முதற்படி. லூப்பஸ் நோயாளிகளுள் ஏறத்தாழ அனைவரிடமும் இச்சோதனை நேர்முடிவு தரும். எனினும் நலமாக உள்ளவர் சிலரிடமும் அவ்வெதிர்ப்பொருள் காணப்படுவதுண்டு. ஆகவே சோதனை முடிவு ஒன்றை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்யலாகாது. அறிகுறிகளோடு இணைத்தே மருத்துவர் முடிவுக்கு வருவர்.

தந்தையும் மகளும்

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் சிறுகதை உலகில் தனியிடம் பெற்றவர். 1925-இல் பிறந்த அவருக்குப் பதினைந்து வயதானபோது அவருடைய தந்தை லூப்பஸால் இறந்தார். அது 1941-ஆம் ஆண்டு. அந்நாளில் இந்நோயை அடக்கும் ஆற்றல்மிக்க மருந்து எதுவுமில்லை.

அதே நோய் மகளையும் பற்றியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஒன்று மாறியிருந்தது. 1948-இல் மேயோ மருத்துவமனையின் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் ஹார்மோனைச் செலுத்தினார். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். இக்கண்டுபிடிப்பிற்காக ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவர் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்து வகையே ஓ'கானரின் உயிரையும் காத்தது. ஜார்ஜியா மாநிலத்தில் தம் தாயின் பண்ணையில், ஊன்றுகோல்களின் துணையோடு நடந்து, மயில்களை வளர்த்து, நாள்தோறும் காலையில் எழுதிவந்தார். 1964-இல் தம் முப்பத்தொன்பதாம் வயதில் மறையும்வரை அவர் எழுத்து நிற்கவில்லை. தந்தைக்குக் கிடைக்காத பதின்மூன்று ஆண்டுகளை ஆய்வு மகளுக்கு ஈட்டித் தந்தது.

எனினும் ஸ்டீராய்டு மருந்துகள் இருபுறமும் கூருடைய வாள் போன்றவை. நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் எலும்பு நலியும், குருதியில் சர்க்கரை உயரும், முகம் பருக்கும், கிருமித்தொற்று எளிதில் பற்றும். பயிரை மேயும் வேலியை அடக்க அவ்வேலி முழுவதையும் தளர்த்திவிடுவதால் வரும் விளைவுகள் இவை. காவலைக் குலைக்காமல் நோயை மட்டும் அடக்கும் வழி யாது என்பதே அடுத்த தலைமுறை ஆய்வாளர்களின் வினாவாயிற்று.

மலேரியா மருந்து செய்த உதவி

விடையின் ஒரு பகுதி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மலேரியாவுக்கான மெபாக்ரின் என்னும் மருந்து லூப்பஸின் தோல் தடிப்பையும் மூட்டுவலியையும் குறைப்பதை 1951-இல் இலண்டன் மருத்துவர் ஃபிரான்சிஸ் பேஜ் பதிவு செய்தார். அவ்வழியில் பயன்பாட்டிற்கு வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்றும் லூப்பஸ் மருத்துவத்தின் அடித்தளமாக விளங்குகிறது. கருவுற்ற பெண்களும் மருத்துவர் மேற்பார்வையில் இதனை உட்கொள்ளலாம். விழித்திரை பழுதுறாமல் காக்கக் கண் சோதனை மட்டும் உரிய காலங்களில் செய்துகொள்ள வேண்டும்.

2020-இல் கொரோனா பெருந்தொற்றுக்கு இம்மருந்து பயன்படலாம் என்னும் செய்தி உறுதிப்படுமுன்னரே உலகெங்கும் பரவியது. மக்கள் முண்டியடித்து வாங்கினர். இதனைப் பேரளவில் உற்பத்தி செய்யும் நாடுகளுள் ஒன்றான இந்தியா, அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. பல நாடுகளில் லூப்பஸ் நோயாளிகள் நாள்தோறும் உண்ணும் மருந்து கிடைக்காமல் அல்லலுற்றனர். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள், கொரோனாவுக்கு அம்மருந்து பயன் தரவில்லை எனக் காட்டின. சான்றில்லாத செய்தி ஒருவருக்கும் நலம் தராமல் மற்றவருக்குத் தீங்கு செய்வதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பெண்களை மிகுதியாகத் தாக்குவதேன்?

லூப்பஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். பதினைந்து முதல் நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. கல்வி, பணி, திருமணம், மகப்பேறு என வாழ்வின் வாயில்கள் திறக்கும் பருவத்தில் வரும் நோய் இது.

பெண்களின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் செயலற்றதாக்கப்படுகிறது. எனினும் சில மரபணுக்கள் அவ்வடக்கத்திலிருந்து தப்பி இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று டி.எல்.ஆர்.7. வைரசுகளின் ஆர்.என்.ஏ.வை உணர்ந்து எச்சரிக்கை எழுப்புவது அதன் பணி. 2022-இல் கரோலா வினுவேசா தலைமையிலான குழு, இளவயதிலேயே கடும் லூப்பஸுற்ற ஸ்பெயின் நாட்டுச் சிறுமியிடம் இம்மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. அம்மாற்றத்தை எலிகளில் ஏற்படுத்தியபோது அவற்றுக்கும் லூப்பஸ் போன்ற நோய் தோன்றியது. ஒற்றை எழுத்தின் மாற்றமே இந்நோயை விளைவிக்கக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும் பெரும்பாலானோர்க்கு இந்நோய் ஒரு மரபணுவால் மட்டும் வருவதன்று. பல மரபணுக்கள் சேர்ந்து நிலத்தைப் பண்படுத்துகின்றன. கதிரவனின் புற ஊதாக் கதிர், ஹார்மோன்கள், தொற்றுகள் முதலியவை விதையை முளைக்கச் செய்கின்றன.

குறிபார்த்து எய்யும் அம்புகள்

அழற்சியை மூட்டும் செய்தி மூலக்கூறுகளைத் தனித்தனியே தடுக்கலாம் என்னும் எண்ணம் 1980-களில் வலுப்பெற்றது. பஞ்சாப் மாநிலத்தின் லூதியானாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும், முடக்குவாத மூட்டுகளில் டி.என்.எஃப். என்னும் மூலக்கூறு தலைமை வகிப்பதை நிறுவினர். அதனைத் தடுக்கும் எதிர்ப்பொருளை 1992-இல் நோயாளிகளுக்குச் செலுத்தி நற்பயன் கண்டனர். பல இலட்சம் பேரின் முடங்கிய விரல்களை மீண்டும் நீட்டச் செய்த மருந்துகள் இவ்வாறு தோன்றின.

லூப்பஸில் வெற்றி தாமதமாகவே வந்தது. பி செல்கள் நீடித்து வாழத் துணைசெய்யும் புரதத்தைத் தடுக்கும் பெலிமுமாப், 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் லூப்பஸுக்கென ஒப்புதல் பெற்ற முதல் புதுமருந்து அதுவே. லூப்பஸ் நோயாளிகளின் குருதியணுக்களில் இன்டர்ஃபெரான் என்னும் மூலக்கூறின் தூண்டுதல் மிகுந்திருப்பதை 2003-இல் வெளியான மரபணு ஆய்வுகள் காட்டியிருந்தன. அத்தூண்டுதலைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாப் 2021-இல் ஒப்புதல் பெற்றது.

அதே 2021-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத லூப்பஸால் வருந்திய இருபது வயதுப் பெண்ணின் டி செல்களைப் பிரித்தெடுத்து, பி செல்களைத் தேடி அழிக்குமாறு மரபணு முறையில் மாற்றி, அவருக்கே மீண்டும் செலுத்தினர் கியோர்க் ஷெட் குழுவினர். முன்பு இம்முறை குருதிப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. அவர் நோய் அடங்கியது. 2022-இல் ஐந்து நோயாளிகளின் முடிவு வெளியானது. ஐவரும் லூப்பஸ் மருந்துகளை நிறுத்த முடிந்தது. சில மாதங்களில் பி செல்கள் மீண்டும் தோன்றியபோதும் நோய் திரும்பவில்லை. புதியவை பழைய பகையை மறந்திருந்தன. சோதிக்கப்பட்டோர் தொகை சிறிது, செலவு மிகுதி, நெடுங்கால விளைவுகள் இனிமேல்தான் அறியப்பட வேண்டும். ஆயினும் தடைக்காப்பு மண்டலத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் பழக்க இயலும் என்னும் நம்பிக்கை பிறந்துள்ளது.

அமைதி காக்கும் செல்கள்

தைமஸிலிருந்து தப்பிய செல்களை நலமான உடலில் அடக்குவது எது? ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, மற்ற செல்களை அமைதிப்படுத்தும் தனிவகை டி செல்கள் உண்டென 1995-இல் நிறுவினார். அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர், பிறவியிலேயே கடும் சுய தடைக்காப்பு நோயுற்ற எலி வகையை ஆராய்ந்து, ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவின் பழுதே காரணம் என 2001-இல் கண்டனர். அமைதி காக்கும் செல்களை உருவாக்குவது அம்மரபணுவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இச்செல்களைப் பெருக்கி நோயை அடக்கும் ஆய்வுகள் இப்போது நடைபெறுகின்றன. வேலியைத் தளர்த்திய மருத்துவம், வேலியைச் செப்பனிடும் மருத்துவமாக வளர்ந்து வருகிறது.

நாம் செய்யத்தக்கன

1950-களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர நோயாளிகளைக்கொண்டு செய்த ஆய்வில், நோயறிந்த நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேரே உயிருடன் இருந்தனர். இன்று நல்ல மருத்துவ வசதி வாய்த்த நாடுகளில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்வோர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்னும் அளவில் உள்ளனர். இந்த வேறுபாட்டிற்குப் புதிய மருந்துகளோடு, நோயை விரைந்து அறிவதும் காரணமாகும்.

நோயை விரைந்து அறிவதில் நமக்கும் பங்குண்டு. கன்னங்களில் மாறாத செந்தடிப்பு, வெயில்பட்டால் மிகும் தோல் தடிப்பு, நீண்டநாள் மூட்டுவலி, காரணமறியாக் காய்ச்சல், வாய்ப்புண், மிகுதியான முடியுதிர்வு, தீராத களைப்பு ஆகியவற்றுள் பல ஒருங்கே தோன்றினால் மருத்துவரை நாட வேண்டும். நோயுற்றோர் வெயிலைத் தவிர்க்க வேண்டும். நலம் தோன்றியதும் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. எனவே நோயுற்றவரை விலக்கி வைப்பது அறியாமையாகும்.

லூப்பஸுற்றவர் பலநாள் வெளித்தோற்றத்தில் நலமுடையவராகவே காணப்படுவார். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்னும் சொல், நோயைக் காட்டிலும் அவரை வருத்தும். வகுப்பில் ஒரு தோழி அடிக்கடி சோர்ந்து அமர்ந்தால், அதனைச் சோம்பல் என முடிவு செய்யுமுன் அவள் சொல்வதைக் கேட்போம். ஆய்வாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக நுண்ணோக்கியின்வழித் தேடிய உண்மையின் ஒரு பகுதி, நோயுற்றவரின் சொல்லைச் செவிமடுத்தோர்க்கே முதலில் புலப்பட்டது.

கற்பவை கற்றபின்…

1. சான்றில்லாத மருத்துவச் செய்தி பரவுவதால் விளையும் தீமைகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. மே 10 உலக லூப்பஸ் நாள். அந்நாளில் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு பக்க அளவில் உரை எழுதுக.

குறுவினா

1. லூப்பஸ் என்னும் பெயர் வந்ததற்குக் காரணம் யாது?
2. தைமஸ் சுரப்பியின் பணியைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ஸ்டீராய்டு மருந்துகளை 'இருபுறமும் கூருடைய வாள்' எனக் கூறுவது ஏன்?
2. லூப்பஸில் சிறுநீரகம் பழுதுறும் முறையை விளக்குக.

நெடுவினா

'நிலைபெற்ற கருத்தை ஐயுறும் நேர்மையே அறிவியலை வளர்க்கிறது' – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.